புதுப்பிப்பு: கடல் மீன் தொட்டி வைக்கிறேன்

பவளம் இல்லாமல், மீன் மட்டும் விடும் உப்புநீர்த் தொட்டி கோயம்புத்தூரில் சரிப்படுமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றிங்க. வைப்பதென்று முடிவு செய்துவிட்டேன், 200 லிட்டர் தொட்டி.

பெரிய கவலை தண்ணீர்தான். எங்கள் போர் தண்ணீர் ரொம்பக் கடினம், அதில் உப்பைக் கலந்தால் எந்த அளவும் பிடிபடாது. அதனால் ஆர்ஓ தண்ணீர், லிட்டருக்குச் சுமார் 35 கிராம் செயற்கைக் கடல் உப்பு. தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு அப்படியே தங்கும். ஆகவே குறைவதை வெறும் ஆர்ஓ தண்ணீரால் நிரப்ப வேண்டும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் ஆடியில் இதைத் தினமும் கவனிக்கணும்.

பவளத்துக்குப் பலமான விளக்கு வேண்டும், கழிவிலிருந்து தண்ணீரில் சேரும் நைட்ரேட்டும் மிகக் குறைவாக இருக்க வேண்டும். மீன்கள் கொஞ்சம் தாங்கும். வெள்ளைப்புள்ளி நோய் வந்தால் செம்பு மருந்து உண்டு, ஆனால் தனித் தொட்டியில்தான். பாறை செம்பை உறிஞ்சிவிடும்.

இப்போது உள்ளே பாறையும் மணலும் மட்டுமே. மீனுக்கு நஞ்சான அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் சோதனையில் பூஜ்யம் காட்டும்வரை மீன் விடமாட்டேன். டாம்சல் மீனை விட்டுத் தொட்டியைப் பழக்கலாம், அதாவது அம்மோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியாவை வளர்க்கலாம் என்றார் கடைக்காரர். உயிரை அம்மோனியாவில் வாட்ட மனசு வரவில்லை. அது சண்டைக்கார மீன் வேறு.

அப்புறம், முதலில் விடப்போவது ஒரு ஜோடி க்ளவுன் மீன், பண்ணையில் பொரித்ததாக. ஈரோடு, திருப்பூர் பக்கம் அப்படிக் கிடைக்கும் கடை தெரிந்தால் சொல்லுங்க.