எபாக்சி டேங்கில் கார் பெட்ரோல்: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். இங்கே அமெரிக்காவில், வேறொருவர் வீட்டில் கட்டிய லாங்-ஈசி விமானம் ஒன்றை வாங்கியிருக்கிறேன். லைக்கோமிங் ஓ-235-சி எஞ்சின். 80 ஆக்டேனே போதும் என்பதால், ஈயம் கலந்த 100எல்எல் என்ற விமானப் பெட்ரோலை விட்டுக் கார் பெட்ரோலுக்கு மாற ஆசை.

எஞ்சின் பற்றிக் கவலையில்லை, டேங்க்தான் பயமாக இருக்கிறது. இறக்கை உடலோடு சேரும் இடத்திலேயே கண்ணாடி இழையும் எபாக்சி ரெசினும் (இறுகிக் கெட்டியாகும் பிசின்) வைத்துக் கட்டியது, கழற்றி மாற்ற முடியாது. கார் பெட்ரோலில் பெரும்பாலும் கலந்திருக்கும் எத்தனால் சில எபாக்சிகளை மெல்ல இளக்கிவிடும். எந்த ரெசின் என்று கட்டியவரின் குறிப்பேட்டில் இல்லை.

அளவுக்குழாயில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, பெட்ரோல் ஊற்றிக் குலுக்கிப் பார்க்கிறேன். தண்ணீர் மட்டம் உயர்ந்தால் எத்தனால் இருக்கிறது, அந்தப் பெட்ரோல் வேண்டாம். சரி, எத்தனால் இல்லாததையே வருடக்கணக்கில் ஊற்றியவர்கள் இருக்கிறீர்களா? ஃபில்டரில் பிசுபிசுப்பு ஏதும் தெரிந்ததா? பழைய ரெசின் தாங்குமா என்று எப்படிச் சோதித்தீர்கள்?