கிரைண்டர் போட்டால் கரண்ட் போகிறது

தாம்பரம் பக்கத்தில் எங்களுடையது பழைய தனி வீடு. கார்த்திகை மாதம், மூன்று நாளாக விடாத மழை. மூன்றாம் நாள் காலையில் அம்மா மாவரைக்கக் கிரைண்டரைப் போட்டதும் டப்பென்று ஒரு சத்தம், வீடு முழுக்கக் கரண்ட் இல்லை. மெயின் போர்டைத் திறந்து பார்த்தால், கரண்ட் கசிந்தால் வீட்டு லைனையே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. விழுந்திருந்தது. எங்கள் பக்கம் அதை டிரிப்பர் என்போம். தூக்கி விட்டேன், நின்றது. கிரைண்டரைப் போட்டார், மறுபடி விழுந்தது.

எல்லோரும் கிரைண்டரைத்தான் சந்தேகப்பட்டோம். பக்கத்து வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்ப் போட்டால் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. மாவையும் அங்கேயே அரைத்து எடுத்து வந்தோம். சாயங்காலம் கீசர் போட்டபோதும் விழுந்தது, இஸ்திரிப் பெட்டிக்கும் விழுந்தது. லைட்டும் ஃபேனும் மட்டும் ஓடினால் நிற்கும். கொஞ்சம் அதிகமாக இழுக்கிற எதைப் போட்டாலும் விழும்.

முதலில் வந்த எலக்ட்ரீஷியன், "டிரிப்பர் வீக் ஆயிடுச்சு சார், மாத்திடலாம்" என்றார். மாற்றினோம். 40 ஆம்ப்ஸ் வரை தாங்கும், 30 மில்லி ஆம்ப்ஸ் கசிந்தால் விழும், புத்தம் புதியது. அன்று ராத்திரியே அதுவும் விழுந்தது. மறுநாள் போனில் கூப்பிட்டேன். "மழை விடற வரைக்கும் டைரக்ட் குடுத்துடறேன் சார், அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். வேண்டாம் என்றுவிட்டேன். அம்மா ஈரக் கையோடுதான் சமையலறை சுவிட்ச் எல்லாவற்றையும் தொடுவார். தங்கை மகனுக்கு மூன்று வயது, எட்டும் இடத்தில் எல்லாம் கை வைப்பான். 30 மில்லி ஆம்ப்ஸ் கசிந்தாலே கண் இமைக்கும் நேரத்தில் துண்டிப்பதற்காகத்தான் அந்தப் பெட்டியை வைத்திருக்கிறோம். அதைத் தாண்டிக் கரண்ட் கொடுத்துவிட்டுப் படுக்க எனக்கு மனம் வரவில்லை.

நானே தேடிப் பார்க்கலாம் என்று போர்டில் இருந்த எம்.சி.பி. எல்லாவற்றையும் (ஒவ்வொரு லைனுக்கும் ஒன்றாக, லோடு கூடினால் தானே விழும் சுவிட்ச்) ஆஃப் செய்தேன். கிச்சன் லைனை மட்டும் ஆன் செய்து கிரைண்டரைப் போட்டேன். விழுந்தது. மற்ற எல்லாம் ஆஃப், ஆகவே குறை கிச்சன் லைனில்தான் என்று முடிவு கட்டினேன். அது தப்பு. இரண்டு நாள் கிச்சன் பிளக் பாயின்ட் ஒன்று விடாமல் கழற்றிப் பார்த்தோம், எதுவும் கிடைக்கவில்லை.

அப்புறம்தான் அம்மாவுக்குத் தெரிந்த வயதான எலக்ட்ரீஷியன் ஒருவர் வந்தார். போர்டுப் பக்கமே போகாமல் அவர் கேட்ட முதல் கேள்வி: "வெளியில எங்கெல்லாம் லைட் இருக்கு தம்பி?" மொட்டை மாடியில் ஒன்று, கேட்டில் ஒன்று என்றேன். வீட்டில் உள்ள பிளக் அத்தனையையும் பிடுங்கச் சொன்னார். சுவிட்சை அணைத்தால் போதாதா என்றதற்கு, "போதாது, பிடுங்கணும்" என்றார். மெயினை ஆஃப் செய்து, ஃபியூஸ் கட்டையையும் உருவித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு, கரண்ட் திரும்பி வரும் நியூட்ரல் வயர்கள் எல்லாம் சேரும் பட்டையான நியூட்ரல் லிங்க்கில் இருந்த கறுப்பு வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, எர்த்துக்கும் அதற்கும் நடுவே கசிவைக் காட்டும் மீட்டரான 500 வோல்ட் மெகரை வைத்துப் பார்த்தார். ஏழு வயரில் ஆறு நன்றாக இருந்தன. ஏழாவதுக்கு முள் பூஜ்யத்தை விட்டு அசையவில்லை, அதாவது அந்த வயர் எங்கோ எர்த்தைத் தொடுகிறது. அது கேட் லைட்டுக்குப் போகிற வயர். அந்த வாரம் முழுக்க அந்த லைட்டை நாங்கள் போடவே இல்லை.

கேட் தூணில் பதித்திருந்த பெட்டியின் மூடியைத் திறந்ததும் டீ நிறத்தில் தண்ணீர் வழிந்தது. உள்ளே முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றிய பழைய ஜாயின்ட். டேப் பசை போய் நழுவியிருந்தது, செம்பில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது, எர்த் வயரின் ஜாயின்டும் அதோடு ஒட்டிக் கிடந்தது. அதை வெட்டி எறிந்துவிட்டு, நடுவில் ஜாயின்டே இல்லாமல் புது வயர் இழுத்தார். அன்று சாயங்காலம் அம்மா கிரைண்டரைப் போட்டார். நாங்கள் எல்லோரும் போர்டையே பார்த்துக்கொண்டு நின்றோம். விழவில்லை.

கேட் லைட்டின் எம்.சி.பி. ஆஃபில் இருந்தும் எப்படி விழுந்தது என்று ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். எனக்கும் அதுதான் புரியாமல் இருந்தது, பெரியவர் விளக்கினார். வீடுகளில் இருக்கும் ஒற்றை எம்.சி.பி., கரண்ட் வரும் வயரான பேஸை மட்டும்தான் துண்டிக்கும். நியூட்ரல் எல்லாம் ஒரே லிங்க்கில் சேர்ந்தேதான் கிடக்கும். பேஸில் போன கரண்ட் முழுசாக நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்று கணக்குப் பார்ப்பதுதான் ஆர்.சி.சி.பி.யின் வேலை. கிரைண்டருக்குப் போன கரண்ட் திரும்பும்போது அதில் ஒரு சிறு பங்கு லிங்க் வழியாகக் கேட் வரைக்கும் போய், நனைந்த ஜாயின்டில் மண்ணுக்கு இறங்கிவிட்டது. லைட், ஃபேன் ஓடும்போது அந்தப் பங்கு 30 மில்லியைத் தொடாது. கிரைண்டர், கீசர் என்றால் தாண்டிவிடும்.

மதுரையிலிருந்து

எங்கள் வீட்டில் விழுந்தது கிச்சன் எம்.சி.பி. போட்டவுடன் விழாது, கால் மணி, அரை மணி கழித்து விழும். தொட்டால் சூடாக இருக்கும். உடனே விழுந்தால் ஷார்ட், நேரம் கழித்து விழுந்தால் லோடு என்று அப்போது எனக்குத் தெரியாது. இன்டக்‌ஷன் அடுப்பு 2000 வாட்ஸ், கெட்டில் 1500, கிச்சனுக்குப் பின்னால் உள்ள பாத்ரூம் கீசர் 2000, மூன்றும் ஒரே 16 ஆம்ப்ஸ் லைனில் ஓடின. கூட்டி 230ஆல் வகுத்தால் 24 ஆம்ப்ஸ் வருகிறது.

வேலைக்கு வந்தவர் 16ஐ எடுத்துவிட்டு 32 ஆம்ப்ஸ் போட்டுக் கொடுத்தார். அதன் பிறகு விழவே இல்லை, நாங்களும் நிம்மதியாக இருந்தோம். ஒரு மாதம் கழித்து பிளக் பாயின்ட் பக்கம் கருகிய வாடை வந்தது. கழற்றிப் பார்த்தால் உள்ளே 2.5 ஸ்கொயர் எம்.எம். வயரின் தோல் பழுப்பாகி, விரலால் தொட்டதும் உதிர்ந்தது. எம்.சி.பி. காப்பது சுவருக்குள் இருக்கும் வயரை. வயரை மாற்றாமல் எம்.சி.பி.யை மட்டும் பெரிதாக்க யார் சொன்னாலும் விடாதீர்கள். இப்போது பழையபடி 16தான், கீசருக்குப் போர்டிலிருந்தே தனி வயர்.

சேலத்திலிருந்து

டைரக்ட் கொடுப்பது பற்றித் தாம்பரத்து நண்பர் எழுதியதால் இதைச் சொல்கிறேன். வாடகை வீட்டுக்குக் குடிபோன புதிதில், ஈரக் காலோடு ஃபிரிட்ஜ் கதவைத் தொட்டால் கையில் ஜிவ்வென்று ஏறும். போர்டில் டிரிப்பர் இருக்கிறதே, ஏன் விழவில்லை என்று டெஸ்ட் பட்டனை அழுத்தினேன். அசையவில்லை. லீவரைக் கையாலேயே கீழே இறக்கினேன். லைட் எரிந்துகொண்டே இருந்தது. எனக்கு முன்னால் யாரோ வயரை நேராகச் சேர்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். எத்தனை வருஷமாக அப்படி இருந்ததோ, எனக்கு உடம்பே நடுங்கிவிட்டது.

டிரிப்பரைச் சரி செய்த அன்றே பார்த்தால், ஃபிரிட்ஜின் பிளக் பாயின்டில் எர்த் வயரே இணைக்கப்படவில்லை. அதை இணைத்து ஃபிரிட்ஜைப் போட்டதும் டிரிப்பர் விழுந்தது. கம்ப்ரஸரில் கசிவு. அதையும் சரி செய்தாயிற்று. இப்போது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்க ஆள் வந்துவிட்டுப் போனதும், நான் போய் டெஸ்ட் பட்டனை ஒரு தடவை அழுத்திப் பார்த்துவிடுகிறேன்.