பேப்பர் வேலையை விட்டுப் பண்ணையாளர் சங்கத்துக்குப் போகலாமா?

டெஸ்க்வாசி:
ஒன்பது வருடமாக நாளிதழில் இருக்கிறேன், இப்போது சேலம் டெஸ்க். நாமக்கல் பக்கம் ஒரு முட்டைக்கோழிப் பண்ணையாளர் சங்கத்தில் மக்கள் தொடர்பு அதிகாரி வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். சம்பளம் கொஞ்சம் கூடுதல், நைட் ஷிப்ட் கிடையாது, வீட்டில் போ போ என்கிறார்கள். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. தலைவர் பொன்னாடை போர்த்தும் படத்தை எடுத்துக்கொண்டு என் பழைய ஆபீசிலேயே கெஞ்சி நிற்பதுதான் வேலையா? நாலு வருடம் கழித்து வெளியே வந்தால் யார் எடுப்பார்கள்?

பழைய பிஆர்ஓ:
பொன்னாடை படம் உண்டு, பொய் சொல்ல மாட்டேன். 'என் பேர் ஏன் மூணாவதா வந்தது' என்று செயற்குழு உறுப்பினர் போன் செய்வதும் உண்டு. ஆனால் சம்பளம் அதற்கு இல்லை. 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிராவின் நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் என்று செய்தி வந்தபோது நான் இதே மாதிரி ஒரு சங்கத்தில் சேர்ந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. நோய் எங்கேயோ, இங்கே முட்டை வாங்க ஆளில்லை. பயப்பட வேண்டாம் என்று அவசரமாக ஒரு அறிக்கை விட்டேன், ஒருத்தரும் போடவில்லை. சங்கம் வேறென்ன சொல்லும்? அப்புறம் கால்நடை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் ஒருவரைப் பிடித்து, 70 டிகிரி சூட்டில் வெந்தால் வைரஸ் செத்துவிடும் என்று அவர் வாயால் சொல்ல வைத்தபோதுதான் செய்தியானது. 2017-இல் பிளாஸ்டிக் முட்டை, 2020 தொடக்கத்தில் கோழி தின்றால் கொரோனா என்று வாட்ஸ்அப் வதந்தி. யாரைப் பேச வைப்பது, எப்போது வாயை மூடிக்கொள்வது, அதுதான் வேலை.

மலையடிவாரம்:
யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று ஆர்டரிலேயே எழுதி வாங்கிவிடுங்கள். நான் இருந்த இடத்தில் தேர்தல் முடிந்து புது அணி வந்ததும் 'பழைய தலைவர் ஆள்' என்று ஓரங்கட்டி, ஆறு மாதம் நோட்டீஸ் டைப் அடிக்க வைத்தார்கள். அங்கே பழகியவர்கள் மூலமாகத்தான் தீவன கம்பெனி வேலை கிடைத்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

லேயர் பண்ணை:
நான் பண்ணைக்காரன், 40,000 கோழி. சங்கத்துக்கு வருகிற எழுத்துக்காரர்கள் முதலில் கேட்பது பிராய்லர், அதாவது கறிக்கோழி விலை. அது பல்லடம் பக்கம் சார், இங்கே முட்டை. என்இசிசி (தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு) அறிவிக்கும் ரேட் ஒன்று, ரொம்பக் காலம் வியாபாரிகள் அதில் 'மைனஸ்' போட்டு, அதாவது அதைவிடக் குறைத்துத்தான் எடுத்தார்கள். பேப்பரில் 'முட்டை விலை உயர்வு' என்று வரும், என் வீட்டில் தீவன மக்காச்சோள லோடுக்குப் பணம் பாக்கி நிற்கும். இந்தக் கணக்கை ஊருக்குப் புரிய வைக்க ஒரு ஆள் வேண்டும், நீங்கள் வந்தால் நல்லதுதான். ஆனால் ஆபீசில் உட்காரும் முன்னால், லாரியில் முட்டை அட்டை ஏற்றும் நேரத்துக்கு ஒரு வாரமாவது பண்ணைக்கு வாருங்கள்.

டெஸ்க்வாசி:
இத்தனை வருடம் தினமும் பேப்பரில் முட்டை விலைப் பெட்டியைப் போட்டவன் நான், மைனஸ் என்று ஒன்று இருந்ததே தெரியாது. எத்தனை மணிக்கு வரட்டும்?

லேயர் பண்ணை:
ஐந்தரை. ஷெட்டுக்குள் வரும் முன் மருந்துத் தண்ணீரில் காலை முக்க வேண்டும், புதுச் செருப்பு போட்டு வந்துவிடாதீர்கள்.