‘ப்ளீஸ்’ இசைத்தொகுப்பில் குரல் ஏன் பேச்சைப்போல் ஒலிக்கிறது?

கேள்வி:
லண்டனில் உருவான பெட் ஷாப் பாய்ஸ் என்னும் இருவர் பாப் இசைக்குழு, அதாவது நீல் டெனன்டும் கிறிஸ் லோவும், 1986-இல் வெளியிட்ட ‘ப்ளீஸ்’ என்னும் முதல் தொகுப்பை அண்மையில்தான் முழுமையாகக் கேட்டேன். தாளம் ஆடச் சொல்கிறது. குரலோ உணர்ச்சியைக் காட்டிக்கொள்ளாமல் ஒதுங்கி நிற்கிறது. இது திட்டமிட்டதா?

பதில் 1:
திட்டமிட்டதுதான், நண்பரே. அந்தத் தொகுப்பிலுள்ள ‘வெஸ்ட் எண்ட் கேர்ள்ஸ்’ பாடலின் பேச்சு நடைக்கு, கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ் குழுவின் ‘த மெசேஜ்’ என்ற ராப் பாடலே தூண்டுதல். நியூயார்க்கின் பாபி ஆர்லாண்டோ தயாரித்து 1984-இல் வெளிவந்த முதல் வடிவம் பெரிய அளவில் எடுபடவில்லை. பின்னர் தயாரிப்பாளர் ஸ்டீவன் ஹேக் அதை மீண்டும் பதிவுசெய்து, காலடியோசையும் வாகன இரைச்சலும் கேட்கும் தெருவிலிருந்து பாடல் தொடங்குமாறு அமைத்தபோதுதான், 1986-இல் அது பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் முதலிடத்தைப் பிடித்தது.

பதில் 2:
பாடகரான டெனன்ட் ‘ஸ்மாஷ் ஹிட்ஸ்’ என்ற பாப் இதழில் பணியாற்றியவர் என்பதையும் மறந்துவிடக் கூடாது. பாப் உலகின் பகட்டை அருகிலிருந்து பார்த்தவருக்கு குரலில் தெரியும் அந்த எள்ளல் இயல்பாகவே வந்திருக்கும் என்பது என் கருத்து. தொகுப்பின் முதல் பாடலான ‘டூ டிவைடட் பை ஜீரோ’வில், பேசும் கால்குலேட்டர் ஒன்றின் குரலையே இசைக்கருவியைப்போல் பயன்படுத்தியிருக்கிறார்கள், ஹெட்ஃபோனில் கேட்டுப் பாருங்கள்.

பதில் 3:
நடனத்துக்காக மட்டும் கேட்பதென்றால், அதே ஆண்டு இறுதியில் வந்த ‘டிஸ்கோ’ என்னும் ரீமிக்ஸ் தொகுப்பையே நான் பரிந்துரைப்பேன்.