காலிங்பெல்லில் என்ன பெயர்? ஜெர்மனியில் பழைய சாமான் எடுக்கப் போகிறவர்களுக்கு

ஜெர்மனியில் வீடு கிடைத்ததும் அடுத்த தலைவலி சாமான்கள். வாடகை வீடு பல நேரம் மொட்டையாகத்தான் வரும், சில வீடுகளில் அடுப்பும் சிங்க்கும்கூட இருக்காது. புதிதாக வாங்க மனசு வராமல் எல்லோரும் போய் நிற்கிற இடம் கிளைன்அன்சைகன், ஆட்கள் தங்கள் பழைய சாமானை விளம்பரம் போட்டு விற்கிற இணையதளம். 2023 வரை ஈபே கிளைன்அன்சைகன் என்று இருந்ததே, அதுதான். விலை பேசுவது பற்றி ஆளாளுக்குச் சொல்லியிருப்பார்கள், நான் சொல்வது விலை படிந்த பிறகு நேரில் போய் எடுத்து வருவது பற்றி.

வந்த புதிதில் ஷ்டுட்கார்ட்டிலிருந்து எஸ்-பான் ரயில் பிடித்து பக்கத்து ஊரான எஸ்லிங்கனுக்கு ஒரு மைக்ரோவேவ் எடுக்கப் போனேன். தெரு சரி, வீட்டு எண் சரி. வாசலில் பார்த்தால் எட்டு பெல், எட்டுக் குடும்பப் பெயர், கதவு எண் என்று ஒன்றுமே இல்லை. ஆப்பில் அந்த அம்மாவின் முதல் பெயர் மட்டும்தான் இருந்தது. மெசேஜ் போட்டால் பதில் இல்லை, போனை உள்ளே சார்ஜில் போட்டிருந்தாராம். முக்கால் மணி நேரம் தூறலில் நின்றேன். அதற்கப்புறம் முகவரி கேட்கும்போதே 'பை வேம் ஸொல் இஷ் க்ளிங்கெல்ன்?', அதாவது யார் பெயருள்ள பெல்லை அடிக்கணும் என்று கேட்டுவிடுவேன். கூடவே எத்தனையாவது மாடி, லிஃப்ட் இருக்கிறதா என்பதும். பழைய கட்டடத்தில் நாலாவது மாடியிலிருந்து அலமாரி இறக்கியவர்களுக்குத் தெரியும் ஏன் கேட்கிறேன் என்று.

பணம் கையோடு, சாமானைப் பார்த்த பிறகுதான். 'நிறையப் பேர் கேட்கிறார்கள், அட்வான்ஸ் அனுப்பினால் எடுத்து வைக்கிறேன்' என்றால் விட்டுவிடுங்கள், வேறு கிடைக்கும். பேபாலில் நண்பர்களுக்கு அனுப்புகிற வழியில் அனுப்பச் சொன்னாலும் அதே பதில்தான், அதில் வாங்குபவருக்குப் பாதுகாப்பு கிடையாது. வாட்ஸ்அப்புக்கு வரச்சொல்லி ஒரு லிங்க் அனுப்பினால் தொடவே வேண்டாம். தனிநபர் விற்பனையில் உத்தரவாதமும் கிடையாது, திரும்ப எடுக்கவும் மாட்டேன் என்று விளம்பரத்தின் கடைசியில் எழுதியிருப்பார்கள், பெரும்பாலும் அது செல்லும். அதனால் பார்ப்பதை அங்கேயே நின்று பார்த்துவிட வேண்டும். சைக்கிள் என்றால் வாங்கிய ரசீதைக் கேளுங்கள், திருட்டு வண்டி தலையில் கட்டப்பட்டால் போலீஸ் எடுத்துக்கொண்டு போய்விடும்.

இன்னொன்று, நம்மாட்கள் செய்கிற வேலை: 80 யூரோ என்று எழுத்தில் ஒத்துக்கொண்டு வாசலில் போய் 60க்குக் கேட்பது. சொல்லாத பழுது இருந்தால் தாராளமாகக் கேளுங்கள், சும்மா கேட்டால் முகம் மாறிவிடும், சிலர் கதவையே சாத்திவிடுவார்கள். பத்து நிமிஷம் தாமதமானாலும் முன்னாடியே ஒரு வரி போட்டுவிடுங்கள்.

வாஷிங் மெஷின்தான் பெரிய வேலை. போவதற்கு முன்பே 'தண்ணீர் இணைப்பைக் கழற்ற வேண்டாம், ஒருமுறை ஓட்டிப் பார்க்கணும்' என்று எழுதிவிடுங்கள். காலி டிரம்மை ஸ்பின்னில் விட்டு, உலோகம் உரசுகிற மாதிரிச் சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். கதவு ரப்பரை விரலால் விலக்கிப் பாருங்கள், உள்ளே கறுப்பாகப் பூசணம் பிடித்து நாற்றம் அடித்தால் எனக்கு வேண்டாம் என்று வந்துவிடுவேன். நல்லதாக இருந்தால் கொண்டுவர வண்டி வேண்டும். பெரிய கட்டுமானப் பொருள் கடைகள் சிலவற்றில் வேன் மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும். ஆனால் நம் ஊர் லைசென்ஸ் இங்கே குடியேறிய முதல் 6 மாதத்துக்குத்தான் செல்லும், தேதியைப் பார்த்துக்கொண்டு நண்பரைக் கூப்பிடுங்கள். எப்படியும் ஆள் வேண்டும், உள்ளே கான்கிரீட் கட்டை இருப்பதால் மெஷின் எடை 70 கிலோ பக்கம் வரும்.

மெஷினோடு வந்த டிரான்ஸ்போர்ட் போல்ட் இருக்கிறதா என்று கேளுங்கள். பின்பக்கம் மாட்டினால் டிரம் ஆடாமல் நிற்கும். இருந்தால் அங்கேயே மாட்டி, வீட்டில் இறக்கி ஓட்டுவதற்கு முன் கழற்றிவிடுங்கள், மறந்தால் முதல் ஸ்பின்னில் மெஷின் குளியலறை முழுக்க நடக்கும். கழற்றியதை ஒரு கவரில் போட்டு மெஷின் பின்னாலேயே ஒட்டி வையுங்கள், நாளைக்கு நீங்கள் விற்கும்போது வாங்க வருகிறவர் அதைத்தான் கேட்பார்.