ஜெர்மனி வந்த முதல் வாரம்: லேப்டாப்பில் வைஃபை வரவில்லையா?

அக்டோபரில் குளிர்கால செமஸ்டர் தொடங்கினால் போதும், புதிதாக வந்து இறங்கியவர்களிடமிருந்து ஒரே கேள்வி. "அண்ணா, போனில் நெட் வருகிறது, லேப்டாப்பில் வரவில்லை. ஃபார்மட் பண்ணிவிடட்டுமா?" வேண்டாம் தம்பி. பெரும்பாலும் லேப்டாப் மேல் தப்பே இருக்காது. நாம் டைப் அடிப்பதில்தான் கோளாறு.

முதலில் பெயர். இங்கே வைஃபைக்கு "வேலான்" என்பார்கள். ரூட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் "வேலான்-நெட்ஸ்வெர்க்‌ஷ்லூஸல்" என்று ஒரு ரயில்வண்டி நீள வார்த்தை இருக்கும். ஷ்லூஸல் என்றால் சாவி. அதுதான் பாஸ்வேர்ட். பல வீடுகளில் இருக்கும் ஃபிரிட்ஸ்பாக்ஸ் ரூட்டர் என்றால் அது 20 இலக்க எண். அதே ஸ்டிக்கரில் ரூட்டரின் செட்டிங்ஸுக்குள் போவதற்கு இன்னொரு பாஸ்வேர்டும் இருக்கும், அதை இங்கே போட்டுவிட்டு முழிக்காதீர்கள்.

அடுத்தது கீபோர்டு. வந்த புதிதில் பழைய லேப்டாப் ஒன்றை இங்கேயே வாங்கினேன். ஜெர்மன் கீபோர்டில் 'ஒய்' இருக்க வேண்டிய இடத்தில் 'இசட்', 'இசட்' இடத்தில் 'ஒய்'. அறை நண்பன் வைத்திருந்த பாஸ்வேர்டில் ஒரு 'இசட்'. ஊர்ப் பழக்கத்தில் விரல் பாட்டுக்கு அடித்தது, திரையிலோ வெறும் கறுப்புப் புள்ளிகள். இரண்டு மாலை ரூட்டரைத் திட்டித் தீர்த்தேன். பாஸ்வேர்ட் பெட்டியின் ஓரத்தில் இருக்கும் கண் சின்னத்தை அமுக்கியிருந்தால் இரண்டு நிமிட வேலை. ஊரிலிருந்து கொண்டுவந்த லேப்டாப்பிலும் விண்டோஸில் ஜெர்மன் மொழியைச் சேர்த்தால் இதே கூத்து நடக்கும். விண்டோஸ் கீயோடு ஸ்பேஸை அழுத்தினால் கீபோர்டு மாறிவிடும். ஜெர்மன் கீபோர்டில் 'அட்' குறி வேண்டுமென்றால் ஆல்ட்ஜிஆர் கீயோடு 'க்யூ'.

அந்தக் குறி எதற்கு என்றால், எடுரோமுக்கு. பல்கலைக்கழகங்களில் இருக்கும் வைஃபை அது. 2002-இல் நெதர்லாந்தில் முளைத்த யோசனை, இன்று நூறு நாடுகளுக்கு மேல் பரவிவிட்டது. இந்தியாவில் இதை எர்நெட் என்ற அரசு சார்ந்த அமைப்பு நடத்துகிறது. உங்கள் பல்கலைக்கழகக் கணக்கு ஒன்றே எல்லா இடத்துக்கும் போதும். எல்லோரும் சறுக்குவது ஓரிடத்தில்தான்: யூசர்நேமை மட்டும் போட்டால் போதாது, 'அட்' போட்டுப் பல்கலைக்கழகத்தின் முகவரியையும் சேர்க்க வேண்டும். எங்கே போனாலும் "இவன் எங்கள் பிள்ளைதான்" என்று உங்கள் பல்கலைக்கழகத்தின் சர்வர் சொன்னால்தான் கதவு திறக்கும். அந்த முகவரி இல்லையென்றால் யாரிடம் கேட்பது என்றே அங்கிருக்கும் வைஃபைக்குத் தெரியாது. நெட்வொர்க் பெயரை நேரடியாகச் சொடுக்கி உள்ளே போகப் பார்க்காமல், பல்கலைக்கழகம் சொல்லும் இன்ஸ்டாலரை ஓடவிடுங்கள். எதிரே இருப்பது உங்கள் பல்கலைக்கழகத்தின் சர்வர்தானா என்று சரிபார்க்கும் சர்டிஃபிகேட்டை அதுவே சரியாகப் போட்டுவிடும். அதே பெயரில் போலியாக ஒருவன் வைஃபை வைத்தால் உங்கள் பாஸ்வேர்ட் அவனிடம் போகாது. அந்த இன்ஸ்டாலரை இறக்கவும் நெட் வேண்டுமே! போன் ஹாட்ஸ்பாட்டில் இறக்கிக்கொள்ளுங்கள்.

ஹாட்ஸ்பாட் என்றதும் ஒன்று. தனி வீடு எடுத்துப் புது லைன் கேட்டால் வாரக்கணக்கில் காத்திருக்க நேரலாம். அதுவரை ஹாட்ஸ்பாட்தான் கதி. விண்டோஸில் அந்த நெட்வொர்க்கின் பிராப்பர்ட்டீஸில், டேட்டாவை அளந்து செலவழிக்கச் சொல்லும் மீட்டர்டு கனெக்‌ஷனை ஆன் செய்துவிடுங்கள். இல்லையென்றால் அப்டேட் வந்து மாத டேட்டாவை ஒரே ராத்திரியில் குடித்துவிடும்.

பழைய கட்டடங்களில் சுவர் தடிமன். ரூட்டர் பொதுவாக 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசைகளில் வைஃபை தரும். 5 வேகமாக இருந்தாலும் இரண்டு சுவர் தாண்டினால் சோர்ந்துவிடும், தூரத்து அறைக்கு 2.4 தான் சரி. ரூட்டரை அணைத்துப் போட்டதும் 5 மட்டும் கொஞ்ச நேரம் காணாமல் போனால் பதறாதீர்கள். ஐரோப்பாவில் அந்த அலைவரிசையின் சில சேனல்களை ரேடாரும் பயன்படுத்துகிறது. ரேடார் ஏதும் இல்லை என்று ரூட்டர் காதுகொடுத்துக் கேட்ட பிறகே பேச ஆரம்பிக்கும். சில சேனல்களில் இதற்குப் பத்து நிமிடம்கூட ஆகும்.

கடைசியாக, நெட் கிடைத்த சந்தோஷத்தில் டொரண்டில் தமிழ்ப் படம் இறக்கிவிடாதீர்கள். டொரண்டில் இறக்கும்போதே நீங்கள் மற்றவர்களுக்கு அனுப்பிக்கொண்டும் இருக்கிறீர்கள், மாட்டுவது அதனால்தான். "அப்மானுங்" என்று வக்கீல் கடிதம் வரும், பல நூறு யூரோ கேட்பார்கள். அதுவும் லைன் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு வரும். நீங்கள் படம் பார்க்க, கூட இருக்கும் அக்கா பெயரில் கடிதம். வந்துவிட்டால் குப்பையில் போடாதீர்கள், "இனிமேல் செய்ய மாட்டேன்" என்று உள்ளே இருக்கும் உறுதிமொழித் தாளில் அவசரப்பட்டுக் கையெழுத்தும் போடாதீர்கள். பல பல்கலைக்கழகங்களில் மாணவர்களுக்கு இலவச சட்ட ஆலோசனை உண்டு. கடிதத்தில் கெடு தேதி இருக்கும், அதற்குள் எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள்.