எங்கள் வீட்டுக் குழு: மணாலியில் பனி

ஜெபின் (காலை 6:52): 📷 இரவெல்லாம் பனி கொட்டியிருக்கிறது. விடுதி வாசலில் நின்ற கார் மாவுக்குவியல்போல் கிடக்கிறது. ஊரிலிருந்து கொண்டுவந்த தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் கல்லாகிவிட்டது. இப்போது வானம் தெளிவாக இருக்கிறது. ஏழரைக்கு அடல் சுரங்கப்பாதை வழியாக, மலைக்கு அந்தப் பக்கம் உள்ள சிசு என்ற ஊருக்குப் போகிறோம்.

மேரி சித்தி: பிள்ளைக்குக் காதை மூடு மக்களே. இங்கே வடசேரியில் மார்கழிப் பனிக்கே நான் போர்வையை விடவில்லை.

ராஜன் பெரியப்பா: ஜெபின், ஏழரைக்குக் கிளம்பாதே.

ஜெபின்: ஏன் பெரியப்பா? வெயில் வரப்போகிறதே.

ராஜன் பெரியப்பா: புதுப்பனியில் சக்கரத்துக்குக் கொஞ்சமாவது பிடி கிடைக்கும். சாலையில் நின்ற ஈரம் இரவில் உறைந்திருந்தால் கிடைக்காது. பார்வைக்கு நனைந்த தார்போலவே கறுப்பாக இருக்கும். பட்டாளத்தில் சோஜிலா கணவாய்ப் பக்கம் லாரி ஓட்டியபோது எனக்கு முன்னால் போன வண்டி பிரேக் பிடித்த பிறகும் சத்தமே இல்லாமல் பள்ளத்தை நோக்கி நகர்ந்தது. ஒரு பாறையில் முட்டி நின்றதால் ஆட்கள் பிழைத்தார்கள். இன்றைக்கும் அது என் கண்ணில் நிற்கிறது.

அஜின்: ஓட்டுநர் அந்த ஊர்க்காரர்தானே?

ராஜன் பெரியப்பா: அது நல்லது. சக்கரச் சங்கிலி இருக்கிறதா என்று கேள். சுரங்கத்துக்குள் 9 கிலோமீட்டர் காய்ந்த சாலை. அந்த வேகத்தோடு வடக்கு வாசலில் வெளியேறினால் லாகூல் பள்ளத்தாக்கின் பனி. உயரமும் 3,000 மீட்டருக்கு மேல். பத்து மணிக்குப் பிறகு புறப்படு, மூன்றுக்குள் திரும்பிவிடு. மலை நிழலும் தேவதாரு நிழலும் விழும் வளைவுகளில் பகலிலும் பனிக்கட்டி உருகாது. கீரிப்பாறைச் சாலையில் மழையில் ஓட்டிய பழக்கம் அங்கே உதவாது.

ஷீபா: பெரியப்பா, அறை குளிர்கிறது. கரியடுப்பு தருகிறேன் என்கிறார்கள்.

ராஜன் பெரியப்பா: வேண்டாம் மகளே! கதவைச் சாத்திக் கரி எரித்தால் வரும் வாயுவுக்கு வாசனை கிடையாது. தூக்கத்திலேயே உயிர் போய்விடும். வெந்நீர்ப் பையும் இன்னொரு கம்பளியும் கேள்.

ஷீபா: சரி பெரியப்பா, கேட்டுவிட்டேன்.

அஜின்: டிசம்பரில் அங்கே மழைமேகம் எங்கிருந்து வருகிறது?

ராஜன் பெரியப்பா: நமக்கு வடகிழக்குப் பருவக்காற்று கொண்டுவருகிறது. அவர்களுக்கு மத்தியதரைக் கடல் பக்கமிருந்து, மேற்கே இருந்து வரும். இமயத்தில் ஏறிக் குளிர்ந்து பனியாக விழும்.

ஜெபின் (காலை 10:40): 📷 பெரியப்பா, வழியில் நேரு குண்ட் என்ற இடத்தில் போலீஸ்காரர்கள் சாதாரணக் கார்களைத் திருப்பி அனுப்புகிறார்கள். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிக்கு மட்டும்தான் அனுமதி. சிசு பயணம் இன்று இல்லை. இங்கேயே ஓரமாக நின்று பிள்ளை பனி அள்ளுகிறான்.

ராஜன் பெரியப்பா: நல்லது மகனே. இப்போதுதான் நான் காப்பி குடிக்கப் போகிறேன்.

மேரி சித்தி: படத்தில் பிள்ளையின் தலையில் குல்லாவைக் காணோமே, எங்கே?